மூன்று வெற்று வரிகள்

விளையாட்டு ஒப்பந்தச் சட்டம் எடுக்கும் வகுப்பில் முதல் நாள் நான் புத்தகத்தைத் திறப்பதில்லை. ஒரு பட்டியலை நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, “இதில் எங்கே இடறுகிறது, பாருங்கள்” என்பேன். அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் ஆண்டுவாரிக் கணக்கு அது. ஆண்டு, வெற்றி, தோல்வி, சமநிலை, கோப்பை உண்டா இல்லையா என ஐந்தே பத்திகள். 1946இல் தொடங்கும். 1995க்கு நேரே 5 வெற்றி, 11 தோல்வி. 1996, 1997, 1998க்கு நேரே வெறும் கோடு. 1999இல் மறுபடி தொடங்கி 2 வெற்றி, 14 தோல்வி.

போர் ஏதாவது நடந்ததா என்பார் ஒருவர். சூதாட்டப் புகாரில் தடை விழுந்ததா என்பார் இன்னொருவர். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த நினைப்புதான் முதலில் வரும். இரண்டும் இல்லை. அந்த மூன்று ஆண்டுகளும் அணியின் முதலாளியும் பழைய ஆட்டக்காரர்கள் பலரும் சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி, பால்டிமோரில், வேறு பெயரில், வேறு நிறச் சட்டையில் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆள் இருக்கிறார், கணக்கு இல்லை. அந்த மூன்று கோடுகளையும் ஒரு நகரம் நீதிமன்றப் படியேறிச் சண்டை போட்டு வாங்கியது. பார்வைக்கு ஓட்டைபோலத் தெரியும் அந்த மூன்று வரிகள்தாம் அமெரிக்க விளையாட்டில் ரசிகனுக்குக் கிடைத்த பெரிய வெற்றி என்பது என் கட்சி.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஓர் அணி என்பது லீக் வழங்கும் உரிமம். அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய லீக்கான என்.எஃப்.எல்லில் இன்று 32 உரிமங்கள். ஊர்மக்களே பங்குதாரர்களாக இருக்கும் கிரீன் பே பேக்கர்ஸ் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் தனியார் சொத்து. கடைசி இடத்துக்கு வந்தாலும் கீழ் லீக்குக்குத் தள்ளும் வழக்கம் கிடையாது. உரிமம் சில, கேட்டு நிற்கும் நகரங்கள் பல. எனவே வரிப்பணத்தில் ஸ்டேடியம் கட்டித் தராவிட்டால் மூட்டை கட்டிவிடுவேன் என்று முதலாளி சொன்னால் மேயருக்கு வயிற்றைக் கலக்கும். அணி கிளம்பினால் அதன் பெயர், சின்னம், கோப்பை, சாதனைக் கணக்கு எல்லாம் அதே லாரியில் ஏறிப் போய்விடும். பழைய வழக்கப்படி அவையும் முதலாளியின் மேசை நாற்காலிபோலத்தான்.

கிளீவ்லாந்துக்கு இந்தப் பாடம் 1946லேயே கிடைத்துவிட்டது. அப்போது அங்கிருந்த அணி ராம்ஸ். போர்க்காலத்தில் 1943இல் ஓராண்டு ஆடாமல் இருந்து, மீண்டு வந்து, 1945 டிசம்பரில் வாஷிங்டனை 15–14 என்று வென்று சாம்பியன் ஆனது. அடுத்த மாதமே முதலாளி அணியை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார். கோப்பை வாங்கிய கை காயவில்லை. அந்த 1945 கோப்பை இன்றைக்கும் ராம்ஸ் கணக்கில்தான் இருக்கிறது. அந்த அணி லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து 1995இல் செயின்ட் லூயிஸ் போய், 2016இல் திரும்ப லாஸ் ஏஞ்சலிஸ் வந்துசேர்ந்தபோதும், கிளீவ்லாந்துக்காரர்கள் குளிரில் நின்று பார்த்த அந்த வெற்றி ஊர் ஊராக அதன் பின்னாலேயே அலைந்தது.

ராம்ஸ் காலிசெய்த இடத்தில் பிறந்ததுதான் பிரவுன்ஸ். டாக்ஸி நிறுவனம் நடத்திய மிக்கி மெக்பிரைடு பணம் போட்டார். பயிற்சியாளர் பால் பிரவுன். அணிக்குப் பெயரே அவரால் வந்தது. என்.எஃப்.எல்லுக்குப் போட்டியாகத் தொடங்கிய வேறொரு லீக்கில் ஆடி, 1946 முதல் 1949 வரை நான்கு ஆண்டும் கோப்பையை இவர்களே எடுத்தார்கள். நான்கு சீசனிலும் சேர்த்து 47 வெற்றி, 4 தோல்வி, 3 சமநிலை. 1948இல் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. முதல் ஆண்டே மேரியன் மோட்லி, பில் வில்லிஸ் என்ற இரண்டு கறுப்பின வீரர்களைப் பால் பிரவுன் ஆட வைத்தார். பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். உலகத்துக்கு ராபின்சனைத் தெரியும், மோட்லியைத் தெரியாது. போட்டி லீக்கில் ஆடியதால் அந்த நான்கு ஆண்டுக் கணக்கையும் என்.எஃப்.எல் பல பத்தாண்டுகள் தன் ஏட்டில் சேர்க்காமலே வைத்திருந்தது. தோல்வியே இல்லாத சீசன் என்றதும் எல்லோரும் 1972 மயாமியையே சொல்வது அதனால்தான். வரலாறு யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் கணக்கு.

அந்தப் போட்டி லீக் 1949இல் மூடப்பட்டு, பிரவுன்ஸ் என்.எஃப்.எல்லுக்குள் வந்தது. பெரிய லீக்கில் முதல் ஆட்டத்தையே நடப்புச் சாம்பியன் ஃபிலடெல்ஃபியாவோடு போட்டார்கள். வந்தேறிகளுக்குப் பாடம் சொல்லித்தரத்தான். 1950 செப்டம்பர் 16, ஃபிலடெல்ஃபியாவில் எழுபதாயிரம் பேருக்குமேல் கூட்டம். பிரவுன்ஸ் 35, ஃபிலடெல்ஃபியா 10. அந்த ஆண்டு இறுதிப் போட்டிக்கு எதிரில் வந்து நின்றது யார்? ஊரை விட்டுப் போன ராம்ஸ். கடைசி 28 விநாடி இருக்கையில் லூ குரோஸா உதைத்த பந்து கம்பங்களுக்கிடையே போய் 30–28. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், கிளீவ்லாந்தின் ஏரிக்கரை ஸ்டேடியத்தில். கதாசிரியன் எழுதினால் நம்பமாட்டோம்.

குவார்ட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு முறையும் பந்தை வாங்கி, எறியவோ கைமாற்றவோ செய்பவர், ஆட்டத்தின் மூளை. ஆட்டோ கிரஹாம் பிரவுன்ஸுக்கு அந்த இடத்தில் பத்து ஆண்டு ஆடினார்; பத்து ஆண்டும் அணி இறுதிப் போட்டிக்குப் போனது, ஏழு முறை வென்றது. பட்டியலின் இந்தப் பகுதியைக் காட்டினால் இன்றைய கிளீவ்லாந்து இளைஞன் சிரிக்கிறான். அவனுக்கு அது புராணம்.

1961இல் நியூயார்க்கிலிருந்து வந்த விளம்பரத்துறைக்காரர் ஆர்ட் மொடெல், சுமார் 40 லட்சம் டாலருக்கு அணியை வாங்கினார். 1963 ஜனவரியில் பால் பிரவுனை வேலையைவிட்டு அனுப்பினார். யார் பெயர் அணிக்கு இருக்கிறதோ அவரையே. கிளீவ்லாந்தில் அப்போது செய்தித்தாள் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. கண்டித்துத் தலையங்கம் எழுதக்கூடத் தாள் இல்லை. மறு ஆண்டே, 1964இல், நட்சத்திர ஆட்டக்காரர் ஜிம் பிரவுனின் அணி பால்டிமோர் கோல்ட்ஸை 27–0 என்று துடைத்துக் கோப்பை வாங்கியது. கோப்பைப் பத்தியில் அதுதான் கடைசிப் பதிவு. ஒன்பது சீசனில் எட்டு முறை அதிகத் தூரம் ஓடியவர் என்ற பெயர் வாங்கிய ஜிம் பிரவுன், 1966இல் லண்டன் பக்கம் சினிமாப் படப்பிடிப்பில் இருந்தபடியே ஓய்வை அறிவித்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 30.

எழுபதுகளை வேகமாகக் கடந்துவிடலாம். பட்டியலும் அப்படித்தான் கடக்கிறது. எண்பதுகள் வேறு. நம்மூரில் ‘அந்தப் புயல் வருஷம்’ என்றால் விளக்கம் வேண்டாம் அல்லவா? கிளீவ்லாந்துக்காரர்களும் தங்கள் தோல்விகளை அப்படித்தான் சொல்கிறார்கள். ‘தி டிரைவ்’ என்றால் 1987 ஜனவரி: ஏழு புள்ளி முன்னிலை, சுமார் ஐந்தரை நிமிடம் பாக்கி. டென்வரின் ஜான் எல்வே தன் எல்லையின் வாசலிலிருந்து 98 கஜத்தைப் படிப்படியாகக் கடந்துவந்து சமன்செய்து, கூடுதல் நேரத்தில் 23–20. ‘தி ஃபம்பிள்’ என்றால் அதற்கு அடுத்த ஜனவரி: அதே டென்வர். கடைசி ஒன்றேகால் நிமிடத்தில் ஏர்னஸ்ட் பைனர் பந்தோடு பாய்கிறார், சமன்செய்ய இன்னும் இரண்டு மூன்று கஜம், பந்து கையிலிருந்து தட்டிவிடப்படுகிறது. அன்று முழுவதும் அணியைத் தோளில் தூக்கிச் சுமந்தவர் அவர்தான். பெயர் மட்டும் அந்தக் கை நழுவலுக்கே நிலைத்தது.

மூன்றாவது சொல் ‘தி மூவ்’. அது ஆட்டம் இல்லை, இடப்பெயர்வு.

1931இல் கட்டிய ஏரிக்கரை ஸ்டேடியம் கிழடு தட்டியிருந்தது. நகரத்திடமிருந்து அதை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் மொடெல்தான். உள்வாடகைக்கு இருந்த பேஸ்பால் அணி 1994இல் புது மைதானத்துக்குப் போனதும் வருமானம் விழுந்தது, கடன் ஏறியது. மேரிலாந்து மாநிலம் லாட்டரிப் பணத்தில் புது ஸ்டேடியம் கட்டி, வாடகையில்லாமல் தருவதாகச் சொன்னது. 1995 நவம்பர் 6ஆம் தேதி பால்டிமோரில் மேடையேறி மொடெல் இடமாற்றத்தை அறிவித்தார். மறுநாள் கிளீவ்லாந்தில் ஒரு வாக்கெடுப்பு ஏற்கெனவே குறித்துவைக்கப்பட்டிருந்தது: மொடெல் கேட்டபடி ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க, சாராயத்துக்கும் சிகரெட்டுக்கும் போடும் ‘பாவ வரி’யை நீட்டிக்கலாமா? நூற்றுக்கு எழுபது பேருக்குமேல் சம்மதம் என்று குத்தினார்கள். ஓடிப்போகிறேன் என்று சொன்னவனுக்கு மறுநாள் சீர்வரிசை கட்டிவைத்த ஊர் அது. 1980களில் ரெய்டர்ஸ் முதலாளி அல் டேவிஸ் ஓக்லாந்தை விட்டுக் கிளம்பியபோது எதிர்த்து நின்ற முதலாளிகளில் இந்த மொடெலும் ஒருவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

டிசம்பர் 17, சொந்த ஊரில் கடைசி ஆட்டம். ஸ்டேடியத்தின் ஒரு முனையில் நாய் முகமூடி போட்டு, நாய் பிஸ்கட் வீசிக் கூச்சல் போடும் கூட்டம் ஒன்று உண்டு. ‘டாக் பவுண்ட்’ என்று பெயர். நாய்ப்பட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று ரம்பமும் ஸ்பானரும் கொண்டுவந்திருந்தார்கள். உட்கார்ந்து பார்த்த பெஞ்சுகளை அறுத்துக் கழற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். சிலவற்றை மைதானத்துக்குள் வீசினார்கள். நான்காம் பாதத்தில் ஆட்டம் அந்த முனைக்கு வராதபடி நடுவர்கள் திசையை மாற்ற வேண்டியதாயிற்று. பிரவுன்ஸ் 26, சின்சினாட்டி 10. ஆட்டம் முடிந்ததும் ஓர் ஆட்டக்காரர் நேரே அந்த முனைக்கு ஓடிப்போய், நீண்டிருந்த கைகளை ஒவ்வொன்றாகப் பற்றினார். ஏர்னஸ்ட் பைனர். வேறு அணிக்கு விற்கப்பட்டு, ஐந்தாண்டு கழித்துத் திரும்பி வந்திருந்தார். பந்தை நழுவவிட்டவர் என்று அவரை ஒருகாலத்தில் வைத கைகள்தாம் அவை.

இனி என் துறைக்கு வருகிறேன். மேயர் மைக்கேல் ஒயிட் வழக்குப் போட்டார். அணியைத் திருடிவிட்டார்கள் என்று அழுது புலம்பும் வழக்கு அல்ல அது, வாடகை வழக்கு. குத்தகை 1998 வரை இருக்கிறது, இன்னும் மூன்று சீசன் இங்கேதான் ஆட வேண்டும், நஷ்டஈடு வேண்டாம், எழுதியதை எழுதியபடி செய்யச் சொல்லுங்கள் என்பதே வாதம். கையெழுத்துப் போட்ட குத்தகை நகரத்தின் கையில் இருந்த ஒரே சீட்டு. அதைக் காட்டி மூன்றாண்டு மொடெலைக் கட்டிப்போட்டிருக்கலாம். வெறுப்பில் நிரம்பிய ஊரில், காலி ஸ்டேடியத்தில், விடைபெறக் காத்திருக்கும் அணியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். நகரம் அதைச் செய்யவில்லை. அந்த மூன்றாண்டு உரிமையை விலையாகக் கொடுத்து வேறொன்றை வாங்கியது. 1996 பிப்ரவரியில் கையெழுத்தான சமரசம் இது: ஆட்டக்காரர்களையும் ஊழியர்களையும் மொடெல் கொண்டுபோகலாம். பிரவுன்ஸ் என்ற பெயர், பழுப்பும் ஆரஞ்சுமான நிறம், கோப்பைகள், 1946 முதலான சாதனைக் கணக்கு ஆகியவை கிளீவ்லாந்திலேயே இருக்கும். 1999க்குள் லீக் அங்கே ஓர் அணியை இறக்கும். அதுவரை பிரவுன்ஸ் ‘செயல்படாத அணி’. சட்டப்படி மொடெல் நடத்தப்போவது அன்று பிறந்த குழந்தை.

குத்தகையில் மிச்சமிருந்தது மூன்று சீசன். பட்டியலில் வெறுமையாக இருப்பதும் மூன்று வரி. தற்செயல் இல்லை. வகுப்பில் இந்த இடம் வரும்போது மாணவர்கள் தாளை மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

இது கற்பனை அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கத்தான் வேண்டும். மாட் ஸ்டோவர் என்ற உதையாளரை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 வரை பிரவுன்ஸ், 1996 முதல் பால்டிமோர். அதே கால், அதே பூட்ஸ், சம்பளம் கொடுத்ததும் அதே முதலாளி. அவர் எடுத்த புள்ளிகளோ இரண்டு ஊர் ஏட்டில் இரண்டாகக் கிடக்கின்றன. இதைவிட வேடிக்கை, புது ஆட்டக்காரர்களைத் தேர்வுசெய்யும் டிராஃப்ட். மோசமாக ஆடிய அணிக்கு முன்வரிசை இடம் தருவது அதன் விதி. 1995இல் பிரவுன்ஸ் வாங்கிய 11 தோல்விக்குப் பரிசாகக் கிடைத்த நான்காம் இடத்தில் பால்டிமோர்தான் ஜோனதன் ஆக்டனைப் பிடித்தது. அதே நாளில் 26ஆம் இடத்தில் ரே லூயிஸை. இரண்டு பேரும் பிற்பாடு ஃபுட்பாலின் புகழ் மாடத்தில் ஏறியவர்கள். தோல்வி கிளீவ்லாந்து கணக்கில், அதன் பலன் பால்டிமோர் கணக்கில். தேர்வுசெய்தவர் ஓஸி நியூசம். 13 ஆண்டு பிரவுன்ஸில் ஆடிய கிளீவ்லாந்தின் செல்லப்பிள்ளை. ஆக, உடல் போனது, மூளை போனது, அதிர்ஷ்டமும் கூடவே போனது. நகரத்திடம் நின்றது பெயர் மட்டும்.

கற்பனைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் வாழ்வதே இந்த மாதிரிக் கற்பனையில். கோயில் மூலவரையே சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் உரிமையுள்ள நபராக ஏற்றுக்கொண்டவர்கள் நாம். ஓர் அணியின் பெயருக்கு ஊர்தான் இருப்பிடம் என்றால் நமக்குத் திகைப்பு வராது. முதலாளி மாறுவார், ஆட்டக்காரர்கள் ஐந்தாறு ஆண்டுக்கொருமுறை மாறிவிடுவார்கள், பயிற்சியாளர் அதைவிட வேகமாக. அறுபது ஆண்டாக அதே பெஞ்சில் அப்பனுக்குப்பின் மகனாக உட்கார்ந்திருப்பது ரசிகன் ஒருவன்தான். தொடர்ச்சி அவனிடம் இருக்கும்போது கணக்கும் அவனிடம் இருப்பதுதானே முறை?

அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அவன் சுகப்பட்டானா என்றால், இல்லை. பால்டிமோர் அணிக்கு ஒரு நாளிதழ் வாக்கெடுப்பில் ரேவன்ஸ் என்று பெயர் விழுந்தது. எட்கர் ஆலன் போவின் கவிதையிலிருந்து வந்த அண்டங்காக்கை. ஐந்தாவது சீசனிலேயே, 2001 ஜனவரியில், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது. 2013 பிப்ரவரியில் இன்னொன்று. பிரவுன்ஸ் இன்றுவரை சூப்பர் பவுலுக்குப் போனதே இல்லை. 1998இல் அல் லெர்னர் 53 கோடி டாலர் கொடுத்து வாங்கிய புது பிரவுன்ஸ், 1999இல் பழைய ஸ்டேடியம் இருந்த இடத்திலேயே எழுந்த புது ஸ்டேடியத்தில் முதல் ஆட்டத்தைப் பிட்ஸ்பர்க்கிடம் 43–0 என்று தோற்றது. பழைய ஸ்டேடியத்தை இடித்த கான்கிரீட்டின் ஒரு பகுதி ஈரி ஏரிக்குள் இறக்கப்பட்டு மீன்கள் அடையும் பாறைத்திட்டாகிவிட்டிருந்தது. மீன்களுக்காவது நல்ல இடம் கிடைத்தது.

அதற்குப் பிந்தைய வரிகளைப் படிக்கத் தனிப் பொறுமை வேண்டும். ஒரு விளம்பர நிறுவனத்தின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சட்டை பல ஆண்டுகள் தொங்கியது. 1999இல் முதல் ஆளாகத் தேர்வான டிம் கவுச்சின் சட்டை. அவருக்குப்பின் வந்த குவார்ட்டர்பேக்குகளின் பெயர்களை நாடாவில் எழுதி, ஒன்றின்கீழ் ஒன்றாக முதுகில் ஒட்டிக்கொண்டே போனார்கள். முதுகு நிறைந்து, விளிம்புக்கு வந்து, 2016 வாக்கில் அந்த விளையாட்டையே நிறுத்திவிட்டார்கள். 2024இல் அந்தப் பட்டியல் நாற்பதாவது பெயரைத் தொட்டது. ஆட்டோ கிரஹாம் ஒருவரே பத்து ஆண்டு நின்ற இடம் அது.

2016: ஒரு வெற்றி, 15 தோல்வி. 2017: வெற்றியே இல்லை, 16 தோல்வி. 2018 ஜனவரியில், எலும்பைக் குத்தும் குளிரில், ரசிகர்கள் ஊர்வலம் நடத்தினார்கள். ‘பிழையில்லாத சீசன்’ என்று பெயர். ஆயிரக்கணக்கானோர் ஸ்டேடியத்தைச் சுற்றி வட்டமாக, சுழியம் வடிவில், நடந்தார்கள். 1948இல் ஒன்றுமே தோற்காத அணியும் 2017இல் ஒன்றுமே ஜெயிக்காத அணியும் சட்டப்படி ஒன்றே. அந்த ஊர்வலத்தில் நடந்தவனுக்கு இரண்டும் தெரியும். தன் சொத்து என்று நினைப்பதால்தான் அவனால் அப்படிக் கேலி பேச முடிந்தது. வாடகைக்கு வந்த அணியைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, டிக்கெட்டை நிறுத்திவிடுவார்கள்.

மற்ற ஊர்களையும் பார்த்துவிடலாம். செயின்ட் லூயிஸ் வழக்கைக் கடைசிவரை கொண்டுபோனது; 2021இல் ராம்ஸ் முதலாளியும் லீக்கும் 79 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். பெரிய தொகை. ஆனால் அந்த ஊர் 2000 ஜனவரியில் கொண்டாடிய சூப்பர் பவுல், லாஸ் ஏஞ்சலிஸ் ஏட்டில் கிடக்கிறது. ஹூஸ்டனுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. ஆய்லர்ஸ் 1997இல் டென்னசி போய், பிற்பாடு டைட்டன்ஸ் ஆயிற்று. எண்ணெய்க் கோபுரம் வரைந்த தலைக்கவசத்தையும் அந்த வெளிர்நீலச் சட்டையையும் 2023இல் நாஷ்வில்லில் மாட்டிக்கொண்டு ஆடினார்கள். ஹூஸ்டனின் இப்போதைய அணி 2002லிருந்து வெறும் கையோடு எண்ணிக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றிலும் கொடுமை பால்டிமோர் பட்டது. கிளீவ்லாந்தின் அணியைத் தூக்கிக்கொண்ட அதே பால்டிமோர்தான். 1953 முதல் அங்கே ஆடிய கோல்ட்ஸை 1984 மார்ச் 28 இரவு, மேஃபிளவர் நிறுவன லாரிகளில் ஏற்றி முதலாளி ராபர்ட் எர்சே இண்டியானாபொலிஸுக்குக் கடத்திக்கொண்டு போனார். மேரிலாந்து சட்டமன்றம் அணியைக் கையகப்படுத்த அவசரச் சட்டம் கொண்டுவந்துகொண்டிருந்த நேரம். விடியும்போது அலுவலகம் காலி. அணியின் பேண்டு வாத்தியக் குழுவின் உடுப்புகள் மட்டும் அன்றைக்குச் சலவைக்கடையில் இருந்தன. அவற்றை வாங்கி, ஒரு கல்லறை மண்டபத்தில் ஒளித்துவைத்து, அந்தக் குழு அணியே இல்லாத ஊரில் பன்னிரண்டு ஆண்டு வாசித்துக்கொண்டே இருந்தது. 1958 இறுதிப் போட்டியில் நியூயார்க்கைக் கூடுதல் நேரத்தில் 23–17 என்று வென்று இந்த விளையாட்டையே தொலைக்காட்சிக்கு உரியதாக்கிய ஜானி யுனைடஸ், தன் சாதனைகளை இண்டியானாபொலிஸ் ஏட்டில் சேர்ப்பதைச் சாகும்வரை ஏற்கவில்லை. அவர் சிலை நிற்பது பால்டிமோரில், ரேவன்ஸ் ஸ்டேடியத்தின் வாசலில். அவருடைய எண்கள் மட்டும் இன்றும் இண்டியானாபொலிஸில்.

சட்டம் போட்டும் இதைத் தடுத்துப் பார்த்தார்கள். வரிப்பணத்தில் கட்டிய ஸ்டேடியத்தில் ஆடும் அணி வெளியேற வேண்டுமானால் ஆறு மாத முன்னறிவிப்புத் தர வேண்டும், உள்ளூர்க்காரர் வாங்க வாய்ப்புத் தர வேண்டும் என்று 1996இல் ஒஹாயோ ஒரு சட்டம் இயற்றியது. ஊரே அதை ‘மொடெல் சட்டம்’ என்கிறது. 2018இல் அதைக் காட்டித்தான் கொலம்பஸின் கால்பந்து அணியைத் தடுத்து நிறுத்தினார்கள். அந்த அணியை வாங்கியவர்களில் ஒருவர் பிரவுன்ஸின் இப்போதைய முதலாளி ஜிம்மி ஹாஸ்லம். அதே ஹாஸ்லம் பிரவுன்ஸை நகர எல்லைக்கு வெளியே புரூக் பார்க்குக்கு நகர்த்தப் போனபோது கிளீவ்லாந்து நகரம் அதே சட்டத்தை நீட்டியது. 2025இல் மாநிலம் சட்டத்தைத் திருத்தி, அணி மாநிலத்தை விட்டே போனால்தான் இது செல்லும் என்றாக்கிவிட்டது. கடித்துக் காட்டிய பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். நகரம் 10 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. சட்டமன்றம் தந்ததைச் சட்டமன்றமே எடுத்துக்கொள்ளும். 1996 ஒப்பந்தம் தந்த பெயரும் கணக்கும் மட்டும் இன்னும் அப்படியே நிற்கின்றன.

மொடெல் 2012 செப்டம்பரில் இறந்தார். அந்த வாரம் மற்ற ஸ்டேடியங்களில் அவருக்காக மௌனம் காத்தார்கள். கிளீவ்லாந்தில் காக்கவில்லை, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது அவர் குடும்பமே. அவர் பெயர் இன்னும் புகழ் மாடத்தில் ஏறவில்லை. அவருக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: பெயரை விட்டுவிட்டுப் போகிறேன் என்று கையெழுத்திட்டதும் அவர்தான். நெருக்கடியில் போட்ட கையெழுத்து என்றாலும், எர்சே செய்யாத காரியம் அது.

அதனால் இண்டியானாபொலிஸுக்கும் என்.எஃப்.எல்லுக்கும் ஒரே ஒரு கோரிக்கை. 1953 முதல் 1983 வரையான 31 வரிகளைப் பால்டிமோருக்கு எழுதிக்கொடுங்கள். இண்டியானாபொலிஸ் தன் கணக்கை 1984இல் தொடங்கட்டும். 2007 பிப்ரவரியில் அது தானே வென்ற சூப்பர் பவுல் அதனிடமே இருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. முன்னுதாரணம் இல்லை என்று சொல்ல முடியாது. சார்லட் நகரத்தின் கூடைப்பந்து அணி 2002இல் நியூ ஆர்லியன்ஸ் போனபோது அதன் கணக்கும் கூடவே போனது. 2014இல் ஹார்னெட்ஸ் என்ற பெயரோடு 1988 முதல் 2002 வரையான அத்தனை வரிகளும் சார்லட்டுக்குத் திரும்பி வந்துவிட்டன.

(கட்டுரையாளர்: விளையாட்டு ஒப்பந்தச் சட்டப் பேராசிரியர்)